கதவைச் சாத்துண்ணா

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவர்கள் வாயில் கன்டெய்னர் என்ற வார்த்தை வருவதில்லை. பொட்டிதான். கப்பலில் வந்து இறங்கி, சரக்கைக் கொடுத்துவிட்டுக் காலியாக நிற்கிற பொட்டியை, அடுத்த சரக்கு ஏற்றும் முன் ஒருவர் பார்த்து, ஓட்டை உடைசல் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எப்படிப் பார்ப்பது? அதற்கென்று மெஷினா கிஷினா, ஒன்றும் கிடையாது. பார்க்கிறவர் உள்ளே போய் நிற்பார். வெளியே இருக்கிற ஆள் இரண்டு கதவையும் சாத்துவார். ஒன்றிரண்டு நிமிஷத்தில் கண் இருட்டுக்குப் பழகும். கூரையில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளி வெயில் அந்த வழியாக உள்ளே வந்து காட்டிக் கொடுத்துவிடும். லைட் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். அவசரப்பட்டு வெளியே வந்தால் ஒன்றும் தெரியாது. கண் பழகுகிற வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

ரமாபாய் பதினோரு வருஷமாக அப்படி நின்றவள். வியாசர்பாடியில் பிறந்து எர்ணாவூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, யார்டு கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலையில் சேர்ந்தாள். பொட்டி பார்க்கிற ஆள் துபாய்க்குப் போனதும், அவனுடைய ரிப்போர்ட்டை எல்லாம் இத்தனை நாள் எழுதிக் கொடுத்தது நான்தானே, பொட்டியையும் நானே பார்க்கிறேன் என்று போய் நின்றாள். பொம்பளை பொட்டிக்குள் போவதா என்று நாலு பேர் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அந்த நாலு பேரே, "ரமாபாய் பாத்த பொட்டியா? அப்ப கண்ண மூடிக்கினு ஏத்து" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பார்த்து முடித்ததும் கதவு மூலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'ர.பா.' என்று எழுதுவாள். அந்த வட்டத்தின் மேல் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை, நகை போட்டால்கூட வராத பெருமை.

வெளியே நின்று கதவைச் சாத்துகிறவர் சிலுவைமுத்து. காசிமேட்டுக்காரர், அறுபதை எட்டிக்கொண்டிருக்கிற வயசு. பதினோரு வருஷமும் அவர்தான். உள்ளேயிருந்து இரண்டு தட்டுத் தட்டினால் திறப்பார். வேலை நேரத்தில் அந்த இரண்டு பேருக்குள்ளும் பேச்சே பெரும்பாலும் அந்தத் தட்டுதான்.

ஐம்பத்தோரு வயசில், மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆன பிறகு, ரமாபாய்க்கு அனல் வந்தது. நெஞ்சுக்குழியில் கிளம்பும், கழுத்துக்கு ஏறும், முகம் ஜிவ்வென்று ஆகும், பிறகு உச்சந்தலையிலிருந்து வேர்வை கொட்டும், அப்புறம் குளிரும். மார்கழி மாதத்தில் வீட்டில் ஃபேன் ஐந்தில் ஓடியது. அவள் புருஷன் அன்புமணி இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு, "இன்னாமே, ஊட்டி கணக்கா கீது வூடு" என்று பல் கிடுகிடுக்கச் சொல்வான். ஆனால் எழுந்து போய் ஃபேனைக் குறைக்க மாட்டான். நல்ல மனுஷன்.

வீட்டில் சமாளித்தாள். பஸ்ஸில் சமாளித்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் பொட்டிக்குள் அனல் வந்தது. கதவைச் சாத்தி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. செத்தோம் என்றே நினைத்தாள். தட்டு என்ன கணக்கு என்பதெல்லாம் மறந்துபோய் இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். சிலுவைமுத்து பதறிப்போய்த் திறந்தார். வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சட்டை, தலை எல்லாம் தொப்பல். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவன், "இன்னா ஆயா, உள்ள குளிச்சியா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அது ஒரு நொடி தமாஷ். இவளுக்கு மூன்று மாதம் தூக்கம் போனது.

அன்றைக்கு அவள் ஒரு தப்புச் செய்தாள். அந்தப் பொட்டிக்குள் திரும்பிப் போகவில்லை. வாசலில் நின்று, ஒரு கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வட்டம் போட்டாள். டார்ச் அடித்தால் சேதம் தெரியும். ஊசி ஓட்டை தெரியுமா? தெரியாது. அது அவளுக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவளே அவள்தான். மறுநாளும் அப்படியே செய்தாள். ஒரு தடவை வாசலோடு நின்றவளுக்கு அடுத்த தடவை வாசல் தாண்டக் கால் வரவில்லை. சிலுவைமுத்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காதது அவளுக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

அன்புமணிதான் நச்சரித்து ராயபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா இதயம், ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பழைய சீட்டைப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்றார்.

"ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் கால் நரம்புல ரத்தம் கட்டியிருக்கு. ஹார்மோன் மாத்திரை உங்களுக்கு நான் எழுத மாட்டேம்மா. மாத்திரை இல்லாம ஒரு வழி இருக்கு, பேசுற வழி. சாபிரானு ஒருத்தங்க புதன்கிழமை உக்காருவாங்க. போய்ப் பாருங்க."

பேசினால் அனல் அடங்குமா? ரமாபாய்க்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. அந்த அறை வாசலில் 'அறிவுசார் நடத்தைச் சிகிச்சை' என்று தாள் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு, "என் நடத்தைக்கு இன்னாயா கொற?" என்று புருஷனிடம் சண்டைக்கு நின்றாள்.

உள்ளே இருந்த சாபிரா வண்ணாரப்பேட்டைக்காரப் பெண், நாற்பது வயசு இருக்கும். சண்டை அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினாள்.

"மொதல்லயே சொல்லிடறேன் ரமாபாய்க்கா. அனல் வராம என்னால பண்ண முடியாது. அது வரும், கொஞ்ச வருஷத்துல கொறையும். ஆனா அது வரும்போது 'ஐயோ செத்தேன், எல்லாரும் பாக்குறாங்க'னு மனசு அதுல எண்ணெய ஊத்துது பாருங்க, அத நிறுத்தலாம். அத நிறுத்துனா அனல் வந்துட்டு அதும்பாட்டுக்குப் போயிடும்."

முதல் வாரம் மருந்துக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தாள். அனல் வரும்போதெல்லாம் எங்கே, எவ்வளவு நேரம், என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதி வர வேண்டும். ரமாபாயிடம் வீட்டில் ஏது நோட்டு? யார்டில் கிடந்த, பொட்டிச் சேதம் எழுதுகிற படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். கைப்பழக்கம் போகுமா, அப்படியே எழுத்தும் வந்தது. 'இடம்: டோல்கேட், பஸ்ஸில். சேதம்: முகம், கழுத்து, முதுகு. காரணம்: தெரியவில்லை. நினைப்பு: பக்கத்து சீட் அம்மா என்னைக் கலீஜு என்று நினைக்கிறாள்.' அதைப் படித்து சாபிரா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எவ்ளோ நேரம்னு போட்ருக்கற எடத்துல பாருங்க. மூணு நிமிஷம், ரெண்டரை, நாலு, மூணு."

"அத்த நானே நம்பலம்மா. அர மணி நேரம் எரியிதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். போன்ல டைம் பாத்து எழுத சொல்லோதான் தெரிஞ்சிது."

பிறகு மூச்சு. அதுவும் ஒன்றும் பெரிய யோகாசனம் இல்லை. வயிற்றில் கையை வைத்து, கை மெதுவாக மேலே வருகிற மாதிரி இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். அனல் கிளம்புகிறது என்று தெரிந்ததும் ஓடாமல், திமிறாமல், தோளைத் தளரவிட்டு அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரமாபாய் சோறு வடிக்கும்போது பழகினாள், பஸ்ஸில் பழகினாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் டோல்கேட் நெரிசலில் பஸ் அசையாமல் நிற்க, அனல் வந்து, ஏறி, கொட்டி, போயே போய்விட்டது. அவள் இறங்கி ஓடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெண் முழு நேரமும் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் படிவத்தில் எழுதினாள்.

"பஸ்ஸு சரி. யார்டுல?" என்றாள் சாபிரா.

ரமாபாய், "அங்க எல்லாருக்கும் என்னிய பாத்தா இளக்காரம். குறிப்பா சிலுவண்ணா. மூஞ்ச பாத்தாலே தெர்யுது," என்றாள்.

"அவரு சொன்னாரா?"

"சொல்லணுமா?"

"அப்ப அது உங்க நெனப்புதான். சரியானு பாக்க ஒரே வழி. போய் அவரையே கேளுங்க."

கேட்பதற்கு நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் டீ நேரத்தில், அடுக்கி வைத்த பொட்டிகளின் நிழலில் சிலுவைமுத்து உட்கார்ந்திருந்தார். ரமாபாய் பக்கத்தில் போய் நின்றாள்.

"ண்ணா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நான் உள்ள போவாம கையெழுத்து போட்டுக்கினு கீறேனே. என்னிய பத்தி நீ இன்னா நெனைக்கிற?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ஒடம்புக்கு ஏதோ பெருசா வந்துட்ச்சினு நெனச்சேன் மா. என் பொஞ்சாதியும் இந்த வயசுல இப்பிடித்தான் எரியுது எரியுதுன்னுவா. நான் ஒண்ணியும் கேக்காம உட்டுட்டேன், பாவி. அதான் உன்னிய எப்பிடி கேக்குறதுன்னு தெரில."

"இளக்காரமா நெனைக்கல?"

"இன்னாத்துக்கு? நீ அந்தாண்ட போனதும் நானே உள்ள பூந்து பாத்துடுவேன். கதவ உள்ளருந்து இழுத்து வெச்சிக்கினு. உன் பேரு கெட்டுடக் கூடாதில்ல."

மூன்று மாதமாக இந்த மனுஷன் முகத்தில் இளக்காரம் தேடிக்கொண்டிருந்தோமே என்று ரமாபாய்க்கு வெட்கமாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "எதுனா ஓட்ட கண்டுச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுல கூட இல்ல மா. எல்லாம் நல்லா கீது."

சொல்லிக்கொண்டே அவர் டீ டம்ளரைப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தார். கல்லின் மேல் அல்ல. நாலு விரல் தள்ளிக் காற்றில் வைத்தார். டம்ளர் உருண்டு ஓடியது. அவர் சங்கடமாகச் சிரித்தார். "பொர வந்துகினு கீதாம் கண்ணுல. ஆபரேசன் பண்ணிக்கச் சொல்றான். பண்ணிக்கணும்."

ரமாபாய்க்கு அப்போது வந்தது அனல் இல்லை, பயம். ஊசி ஓட்டையைப் பார்க்க வேண்டியவள் வாசலில் நின்றாள். பார்த்தவருக்குக் கண் தெரியவில்லை. இந்த மூன்று மாதத்தில் முப்பத்தெட்டுப் பொட்டி. மொத்தமும் 'ர.பா.' வட்டத்தோடு.

அடுத்த புதன்கிழமை எல்லாவற்றையும் சாபிராவிடம் கொட்டினாள். இருபத்தேழு பொட்டி கப்பல் ஏறிப் போய்விட்டது, பதினொன்று இன்னும் யார்டிலேயே இருக்கிறது. சாபிரா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்தப் பதினொன்னையும் நான் திரும்பப் பாக்கணும். கதவ சாத்திக்கினு."

"சரி. எடுத்த எடுப்புல வேணாம், படிப்படியா போவோம். ஆனா ஒண்ணு. இரும்புப் பெட்டி சூடு வேற, உங்க அனல் வேற. உங்க அனல் ஒண்ணும் பண்ணாது. மத்தியான வெயில்ல பெட்டி நெஜமாவே ஆளச் சாச்சிடும். அதனால காலையில மட்டும். தண்ணி குடிச்சிட்டு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல கூடாது, கதவாண்ட ஆள் இருக்கணும்."

"சிலுவண்ணா இருப்பாரு. ஆனா அவரு பாவம் பாத்து நான் தட்டறதுக்கு முன்னாடியே தொறந்துடுவாரு."

"தொறக்கக் கூடாதுனு சொல்லிடுங்க. அவரு தொறந்துட்டா, அனல் தானா போச்சுனு உங்களுக்கு எப்பதான் தெரியும்?"

மேனேஜர் கலீலுல்லா கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் ரமாபாய்க்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். போன இருபத்தேழின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு, கம்பெனிக்குத் தெரிவித்துவிடுகிறேன் என்றார். பிறகு பரிவாகத்தான் சொன்னார்:

"உங்களுக்கு முடியலைனா சொல்ல வேண்டியதுதானேம்மா. ஆபீஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு. ஏசி. பொட்டிக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

எந்த வார்த்தைக்கு மூன்று மாதமாகப் பயந்து செத்தாளோ அந்த வார்த்தை வந்தேவிட்டது. ரமாபாய் வயிற்றில் கையை வைத்து ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"பத்து நாள் குடுங்க சார். பதினொன்னையும் நானே பாக்குறேன். ஒரு பொட்டியில பாக்க முடியாம பாதில வெளிய வந்துட்டேன்னாலும், நானே வந்து அந்த சீட்ல ஒக்காந்துக்குறேன்."

ரிப்பேருக்கு ஒதுக்கிய மூலையில் ஒரு பழைய பொட்டி கிடந்தது. முதல் நாள் காலை இரண்டு கதவும் திறந்திருக்க உள்ளே நின்றாள். மறுநாள் ஒரு கதவைச் சாத்தி. அதற்கும் மறுநாள் இரண்டையும் சாத்தி, ஒரு நிமிஷம். சிலுவைமுத்துவோடு புது ஒப்பந்தம்: ஒரு தட்டு என்றால் நல்லா கீறேன், இரண்டு தட்டு என்றால் திற. நடுவில் அவருக்கு எவ்வளவு பாவமாக இருந்தாலும் தாழ்ப்பாள்மேல் கை போகக் கூடாது.

"இன்னா மா, ஆள கொல்ற ஒப்பந்தமா கீது," என்றார் அவர்.

"உன் கண்ணு ஆபரேசனுக்கு நான் கூட வரேன், நீ இதுக்கு ஒத்துக்கோ."

நான்காம் நாளிலிருந்து பதினொன்றையும் அடுக்கை விட்டு இறக்கி வைக்க ஆரம்பித்தார்கள். காலை ஏழு மணிக்கு ஒன்று, சில நாள் இரண்டு. ஆறு பொட்டி முடிந்தது. ஆறும் சுத்தம். ஆறிலும் உள்ளே அனல் வரவில்லை. எல்லாரும் சபாஷ் என்றார்கள். ரமாபாய்க்கு மட்டும் உள்ளுக்குள் உதறல். வராத அனலை ஜெயித்ததில் என்ன இருக்கிறது, வந்தால் அல்லவா தெரியும்?

ஏழாவது பொட்டி நாற்பதடி, மங்கிய நீலம். பொட்டி தூக்குகிற வண்டி தகராறு செய்ததால் இறங்கும்போது எட்டரை ஆகிவிட்டது. எடுத்துப்போக வந்த லாரி காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் யார் என்று பார்த்தால், அன்றைக்கு 'ஆயா, உள்ள குளிச்சியா' என்று கேட்ட அதே ஆசாமி. கலீலுல்லாவும் வந்து நின்றார். ரமாபாய் தண்ணீர் குடித்தாள், உள்ளே போனாள். சிலுவைமுத்து கதவைச் சாத்தினார்.

இருட்டு. பழைய சரக்கின் மிளகாய் நெடி. கண் இன்னும் பழகவில்லை. நெஞ்சுக்குழியில் கிளம்பியது.

வந்துட்ச்சி, என்றாள் வாய்விட்டு. கை தானாகக் கதவுப் பக்கம் போனது. வெளியே அவன் நிற்கிறான், மேனேஜர் நிற்கிறார், தொப்பலாகப் போய் நின்றால் சிரிப்பார்கள், அந்த ஏசி சீட், எல்லாம் ஒன்றாக வந்தன. கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். இது நெனப்பு. இது மூணு நிமிஷம். மூச்சை இழுத்தாள், மெதுவாக விட்டாள். அனல் கழுத்துக்கு ஏறியது. ஏறட்டும். முகம் எரிந்தது. எரியட்டும். உச்சியிலிருந்து வேர்வை இறங்கிப் புருவத்தில் சொட்டியது. தோளைத் தளர விட்டாள்.

வெளியே சிலுவைமுத்துவின் குரல் நடுங்கியது. "மா? நேரமாவுது மா."

ஒரு தட்டு.

அதற்குப் பிறகு எத்தனை மூச்சு என்று அவள் எண்ணவில்லை. எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கழுத்தில் குளிர் தட்டியது. போயிற்று. யாரும் கதவைத் திறக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை, அதுவாக வந்தது, அதுவாகப் போயிற்று. கண்ணில் இறங்கிய வேர்வையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இருட்டு இப்போது நன்றாகப் பழகியிருந்தது. அந்தக் கோடியில், கூரையும் சுவரும் சேர்கிற மூலையில், ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம்.

அனல் கிளம்பியதும் கதவைத் தட்டியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. பட்டே இருக்காது.

இரண்டு தட்டு. வெளியே வந்தபோது தலையிலிருந்து சட்டை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கதவு மூலையில் தானே போட்ட 'ர.பா.' வட்டத்தை உள்ளங்கையால் அழித்தாள். நாள்பட்ட சாக்பீஸ் லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்து, அதே இடத்தில் 'ஓட்டை' என்று பெரிதாக எழுதினாள்.

"இது நீங்களே ஓகே பண்ணின பொட்டி," என்றார் கலீலுல்லா.

"ஆமா சார். பாக்காம பண்ணினேன். இப்ப பாத்துட்டேன். கூர மூல, வலது பக்கம். மழையில போயிருந்தா சரக்கு மொத்தமும் ஊறிப் போயிருக்கும்."

அவர் தலையாட்டினார். ஆபீஸ் சீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் திரும்பி நடந்தார்.

டிரைவருக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னா ஆயா, இன்னிக்கும் உள்ள குளியலா?"

"ஆமாம்பா. வயசானா எங்களுக்கு இப்பிடித்தான், குப்புனு வேர்க்கும். உங்கம்மாவுக்கும் வந்திருக்கும், வூட்டுக்குப் போய்க் கேளு."

அவன், "ஆமாக்கா, எங்கம்மா ராத்திரி எழுந்து எழுந்து ஒக்காரும்," என்றான் வேறு குரலில்.

சிலுவைமுத்து தோள் துண்டை எடுத்து நீட்டினார். "கொஞ்சம் ஒக்காரு மா. இப்பிடி வேர்த்து ஊத்துதே."

"வேர்வைதாண்ணா. காஞ்சிடும்." முகத்தைத் துடைத்துத் துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டி எட்டாவது பொட்டியை இறக்கி வைத்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் உள்ளே போய் நின்றாள்.

"கதவ சாத்துண்ணா."